சிலமலைப் பேச்சியம்மாளும் என் தோள்களும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஏலக்காய்க் கொட்டகையின் கங்காணி சவரிமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அது அவர் கொட்டகையைத் திறக்கிற நேரம். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா, சிலமலை பேச்சி தவறிட்டா" என்றார்.

மூன்று நாள் காய்ச்சலாம். வியாழக்கிழமை சாயங்காலம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாளாம். விடியும்போது உயிர் இல்லை.

"கொட்டகையில சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உங்ககிட்டத்தான் மொதல்ல வந்தேன்."

"சொல்லிட்டுப் பூட்டிடுங்க. இன்னைக்கு வேலை வேண்டாம்."

என் கணவர் இறந்த நாளுக்குப் பிறகு, திருநாளும் ஞாயிறும் அல்லாத ஒரு நாளில் அந்தக் கொட்டகை பூட்டப்பட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியார், நம் பங்கின் மாதத் தாளில் அவளைப் பற்றி எழுதும்படி என்னிடம் சொன்னார். அவள் சிலமலை காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள், நம் பங்கைச் சேர்ந்தவள் அல்லவே என்றேன். "உங்க ஆர்மோனியம் நம்ம பங்கைச் சேர்ந்ததுதானேம்மா" என்றார். ஆகவே எழுதுகிறேன். பாடற்குழுவில் இருப்பவர்களுக்கும், கொட்டகையில் அவளோடு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேகமாக வாசிக்க வேண்டாம்.

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எனக்கு அறுபத்தேழு. குரங்கணிக்கு மேலே உள்ள தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைத் தலையில் சுமந்து கீழே இறக்கும் வேலையைச் சிறு வயதிலேயே தொடங்கியவள். கணவன் மலைக்காய்ச்சலில் போனபின் ஒரே மகளோடு சிலமலையில் இருந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், தினமும் மலையேறினால் அது நடக்காது என்று, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் கொட்டகைக்கு வந்தாள். வெற்றிலை போடுவாள். வாரத்தில் ஒரு நாளாவது நேரம் கழித்து வருவாள். யாரும் கேட்காத இடத்தில் கருத்துச் சொல்லுவாள். இவற்றையெல்லாம் நான் அவளிடம் நேரில் கண்டித்திருக்கிறேன். இறந்துவிட்டாள் என்பதற்காக மறைத்து எழுத மாட்டேன். அவளுக்கும் அது பிடிக்காது.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லாமல் அவள் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. நான் மதுரையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே ஆர்மோனியம் கற்றுக்கொடுத்த மதர், எங்கள் புறங்கையில் சிலேட்டுக் குச்சி ஒன்றை வைப்பார். பாட்டு முடியும் வரை அது விழக்கூடாது. விழுந்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும். நடப்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு. தலையில் புத்தகம் வைத்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகவேண்டும். என் வகுப்பில் குச்சியையும் புத்தகத்தையும் ஒரு முறைகூட விழவிடாதவள் நான் ஒருத்திதான். அதற்காக என் கழுத்தையும் மணிக்கட்டையும் நான் என்ன செய்துகொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிமிர்ந்து அசையாமல் இருப்பது நல்லொழுக்கம் என்று தெரிந்துவைத்திருந்தேன். போடிக்கு மருமகளாக வந்து நாற்பது ஆண்டுகள் நம் கோவிலின் கால்மிதி ஆர்மோனியத்தை அதே கையோடு வாசித்தேன்.

அறுபதைத் தொட்டதும் வலது தோளில் வலி தொடங்கியது. பிறகு அது முழங்கைக்கு இறங்கியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மதுரை டாக்டர் ஓய்வு என்றார். இங்கே வைத்தியர் எண்ணெய் என்றார். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் காலைப் பூசையில், குளோரியா கீதம் பாதி தாண்டும்போது அந்த இரண்டு விரல்களும் எழவே இல்லை. கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாடற்குழு துணையில்லாமல் பாடி முடித்தது. சுருதி அதிகம் இறங்கவில்லை என்பதை அவர்களுக்காக இங்கே குறிப்பிடுகிறேன்.

பூசைக்குப் பிறகு சுவாமியார் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார். "தபசு காலத்துல எப்படியும் ஆர்மோனியம் கிடையாது. அதுவரைக்கும் சமாளிப்போம். பாஸ்குவுக்கும் முடியலைன்னா வாத்தியாரைக் கேட்கலாமா அம்மா?"

தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று பூட்டுகிற ஆர்மோனியத்தை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளில் குளோரியாவுக்குத்தான் திறப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் நல்ல மனிதர். திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர். குளோரியாவை அவர் எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பயம் குளோரியாவைப் பற்றியது மட்டும் அல்ல. எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போய் அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஆர்மோனிய முக்காலியில் உட்காருவதுதான், நான் யார் என்று கேட்டால் சொல்ல எனக்கு மிஞ்சியிருந்தது. அது பாஸ்குவோடு போய்விடும் என்று நினைத்தேன்.

அந்த மனநிலையில்தான் தை மாதத்தில் ஒரு நாள் கொட்டகைக்குள் போனேன்.

கொட்டகைக்காரர்களுக்கு வேலையைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். காய்ந்து வருகிற ஏலக்காயின் காம்பைச் சிறிய கத்தரியால் நறுக்கி, நிறமும் பருமனும் பார்த்து முறத்தில் பிரிக்கவேண்டும். காயை அழுத்திப் பிடித்தால் நுனியில் வாய் பிளந்துவிடும். வாய் பிளந்த காய் முதல் தரத்தில் சேராது. என் கணவருக்குப் பிறகு பொறுப்பை ஏற்றபோது, மடத்தில் கற்றதை நான் அங்கேயும் கொண்டுவந்தேன். சுவரில் சாயக்கூடாது. முழங்கை உடம்பை ஒட்டி இருக்கவேண்டும். பேச்சும் பாட்டும் கூடாது. முப்பது பெண்கள் வரிசையாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளில் பிளந்த காய் கூடிக்கொண்டே போனது. தோட்டத்தில் சரியாகக் காயவைக்கவில்லை என்று மலைக்கு எழுதி அனுப்பினேன்.

அன்று நான் போனபோது கொட்டகையின் நடுவே ஒரு சாக்கில் பாதிக்கு மேல் பிளந்த காய் கிடந்தது. வரிசையின் கடைசியில் புதிதாக வந்த ஒருத்தி ஒரு காலை மடித்து, தோள் இரண்டையும் தொங்கவிட்டு, பாதிக் கண் மூடினவள்போல் உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு.

"உன் பேர் என்ன?"

"பேச்சி, ஆத்தா."

"இங்கே யாரும் என்னை ஆத்தான்னு கூப்பிடறதில்லை. தூங்குறியா?"

"கை ஓடுதே ஆத்தா, பாருங்க."

நான் கையைப் பார்க்கவில்லை. "உன்னை மாதிரி சோம்பேறி உட்கார்ந்தா காய் பிளக்காம என்ன செய்யும்? எந்திரிச்சு வீட்டுக்குப் போ" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். மடியில் ஒரு காயும் ஒட்டியிருக்காதபடி சேலையை முறத்தின்மேல் உதறினாள். வாசலுக்குப் போய்த் திரும்பி, "சோலி சரியில்லைன்னா கையைப் பாத்துச் சொல்லணும். முதுகைப் பாத்துச் சொல்லக் கூடாது" என்றாள். போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்துச் சவரிமுத்து என் மேசை முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன?"

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்குப் பேச்சி விட்டுட்டுப் போன முறத்தைத் தனியா எடுத்து வச்சுப் பாத்தேன். வாய் பிளந்த காய் ஒண்ணுகூட இல்லைம்மா."

"மத்தவங்க முறத்துல?"

"நல்லா நிமிந்து உக்காந்தவுக முறத்துலதான் அம்புட்டும்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்களும் நிமிந்து நின்னீகம்மா."

அவளைக் கூட்டிவர அவரை அனுப்பினேன். அவள் வரவில்லை. மறுநாள் குதிரை வண்டி பிடித்து நானே சிலமலைக்குப் போனேன். தெருமுனையில் எதிரே வந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு ஆள் உயரத்துக்குப் புல்லுக்கட்டு. இரண்டு கையாலும் கொண்டை முடிந்துகொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். புல்லுக்கட்டை இறக்கவில்லை. எங்கள் பேச்சு கால் மணி நேரம் நடந்தது. அவ்வளவு நேரமும் அது அவள் தலையிலேயே இருந்தது. ஒரு சுமையும் இல்லாத நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றேன்.

"வெரட்டுனது நீங்க. கங்காணி வந்து கூப்பிட்டா எப்படி வருவேன்?"

"இப்ப நான்தானே வந்திருக்கேன்."

"வந்திருக்கீக. சண்டைக்கு வந்த மாதிரில்ல வந்திருக்கீக. தோளை எறக்கிட்டுச் சொல்லுங்க ஆத்தா. காதுகிட்ட ஏறிக் கெடக்கு."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வண்டியில் ஏறினேன். போடி வருவதற்குள் மூன்று தடவை என் தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மூன்று தடவையும் அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. இறக்கிவிட்டால், வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதற்குள் மறுபடி ஏறிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அன்று அந்த வண்டியில் அறிந்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தாள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் மற்றவர்கள் போனதும் அவளை நிறுத்தி, அந்தப் புல்லுக்கட்டோடு எப்படி நின்றாய் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு மூலையில் கிடந்த துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். நான் கதவைத் தாழிட்டேன். சவரிமுத்து வெளியே இருந்தார். ஒன்றும் பார்க்கவில்லை என்று இன்றுவரை சொல்லுகிறார்.

துணியைச் சும்மாடாகச் சுருட்டி என் தலையில் வைத்தாள். அதன்மேல் பாதி முறம் காய். "நடங்க" என்றாள். மடத்து வராந்தாவில் நடந்தபடி நடந்தேன். ஒரு காய் உருளவில்லை. பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு மூச்சை அடக்குறீக?"

"விழுந்துடுமே."

"விழுந்தா பொறுக்கிக்கலாம். நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீக. பிடிக்காதீக. கனம் கழுத்து வழியா எறங்கி, முதுகு வழியா குதிங்காலுக்குப் போகும். அது பாட்டுக்குப் போகட்டும். நடுவுல நின்னு மறிக்காதீக."

புத்தகத்தை விழாமல் வைத்திருக்க மடத்தில் நான் கற்றது, தலைக்குக் கீழே எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. பேச்சி பத்து மைல் மலையிறங்கும் மூட்டையைப் பற்றிப் பேசினாள். பூட்டிய உடம்போடு அவ்வளவு தூரம் ஒருவரும் இறங்க முடியாது. இது எனக்குப் புத்தியில் உடனே ஏறிவிட்டது. உடம்புக்குப் போக நாள் ஆனது.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஆகவே ஒரு தாளில் கால அட்டவணை எழுதிக்கொண்டேன். காலை ஆறு மணிக்குத் தோள், பத்து முறை. ஏழு மணிக்குக் கழுத்து. மதியம் மணிக்கட்டு. அவள் அந்தத் தாளைப் பார்த்து என்ன என்று கேட்டாள். தளர்வாக இருக்கப் பயிற்சி என்றேன். வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். "தளர்றதுக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டா ஆத்தா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தில் மறுநாள் நேர் எதிராகச் செய்தேன். உடம்பை முழுவதும் தொங்கவிட்டு நடந்தேன். முறம் கவிழ்ந்தது. இரண்டு பேரும் குனிந்து கொட்டகை முழுவதும் காய் பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தொங்குறது வேற, விடுறது வேற. மலைப்பாதையில தொங்குனா மூட்டையும் நாமளும் பள்ளத்துல கெடப்போம். நிக்கிறதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு வச்சுக்கிட்டு மிச்சத்தை விடணும்."

சாம்பல் புதன் வந்தது. ஆர்மோனியத்தைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பகலில் கோவிலில் ஆள் இருக்காது, நினைத்தால் திறந்திருக்கலாம். ஒரு நாளும் திறக்கவில்லை. ஒரு விதியை என் வசதிக்காக உடைத்தால் பிறகு மற்றவர்களிடம் எதைச் சொல்வது? ஆகவே கொட்டகையில் காய் பிரிக்கிற நீளப் பலகையின் முன் உட்கார்ந்து குளோரியாவை அதன்மேல் வாசித்தேன். காலுக்கு மிதியாக இரண்டு செங்கல். சத்தம் இல்லாத வாசிப்பு என்று நினைத்தேன். பேச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கான கத்தரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுக் கதவைத் தட்டுறீக ஆத்தா?" என்றாள்.

விரல்கள் பலகையில் விழுகிற சத்தம் அது. நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தின் ஓசை அதை எனக்குக் கேட்கவிடாமல் மூடியிருந்தது. குளோரியாவில் ஒரு சொல்லும் தெரியாத அவள் காதுக்கு, தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றுமுதல் தினமும் சாயங்காலம் அவள் கேட்டாள், நான் வாசித்தேன். "இப்ப தட்டலை... தட்டலை... இந்தா, தட்டுறீக." அவள் சொல்லும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாக் குறிகளும், விரல் எழாத அந்தக் கடினமான இடத்துக்குப் பாட்டில் இரண்டு அடி முன்னால் இருந்தன. அங்கேயே கை பயந்து இறுகத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு விரல்களும் பலவீனமானவை என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்றும் முன்கையும் சேர்ந்து அவற்றைப் பிடித்து வைத்திருந்தன.

பேச்சியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு அது புதிதாக இல்லை. "மேடு தெரிஞ்ச உடனே இங்கேருந்தே மூச்சு வாங்கக் கூடாது ஆத்தா. மேடு வரட்டும், ஏறிக்குவோம்" என்றாள். பிறகு, நான் சற்று மகிழ்ந்திருக்கிறேன் என்று கண்டுகொண்டு, "எம்புட்டுப் பாடு இது. அந்த வாத்தியார் நாடகத்துல கையை வச்சா தெருவே எந்திரிச்சு ஆடும்" என்று சேர்த்தாள். அன்று மேற்கொண்டு வாசிக்காமல் வீட்டுக்குப் போனேன்.

தபசின் மூன்றாம் வாரத்தில் கொட்டகை விதிகளை நீக்கினேன். சுவரில் சாயலாம், கால் மாற்றி உட்காரலாம், பாடலாம் என்றேன். முதல் நாள் ஒருவரும் நம்பவில்லை. என்னைப் பார்த்ததும் முப்பது முதுகும் நிமிர்ந்தன. பேச்சிதான் முதலில் பாடினாள். பிறகு எல்லோரும் பாடினார்கள். பாட்டுகளில் இரண்டை மட்டும் தடுத்தேன். எவை என்று உங்களுக்குத் தெரியும். பிளந்த காய் அந்த மாதமே குறையத் தொடங்கியது. காயவைப்பதைப் பற்றி மலைக்கு நான் மறுபடி எழுதவில்லை.

பாஸ்குத் திருநாள் காலைப் பூசைக்கு அவள் வந்தாள். வரச் சொன்னது நான் அல்ல. பக்கவாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றாள். வாத்தியார் முன்வரிசையில் இருந்தார். என் கை நின்றுவிட்டால் எழுந்து வரும்படி சுவாமியார் அவரிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். மணிகள் அடித்தன. குளோரியாவைத் தொடங்கினேன். அந்த இடம் வருவதற்கு இரண்டு அடி முன்னால் முன்கை இறுகுவது தெரிந்தது. மேலும் இறுக்கிப் பிடித்துத் தாண்டிவிடுவதுதான் என் பழைய வழி. அன்று முழங்கையை விட்டேன். சுண்டுவிரல் எழுந்தது, தப்பான கட்டையில் விழுந்தது.

முன்பெல்லாம் ஒரு சுரம் தவறினால் அடுத்த நான்கு அடிகள் என் கை அந்தத் தவற்றைத் தண்டித்துக்கொண்டே இருக்கும். அன்று தவறு தன் பாட்டுக்குப் போய்விட்டது. நான் அதன் பின்னால் போகவில்லை. இன்னோர் இடத்திலும் தவறியது. அதுவும் போயிற்று. குளோரியா முடிந்தது, பூசையும் முடிந்தது, கை நிற்கவில்லை.

வெளியே வந்ததும் வாத்தியார் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு இடம்" என்றார். "தெரியும்" என்றேன். பக்கவாசலில் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "பாட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும். இன்னைக்குக் காது ரெண்டும் தோளுக்கு மேல தெரிஞ்சுச்சு."

அவள் எல்லாம் அறிந்தவள் என்று நான் எழுதுவதாக நினைக்காதீர்கள். இந்த ஆண்டு அவள் மகள் முத்துலட்சுமியை, நான் படித்த மதுரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்தேன். கைநாட்டு வைத்தால் போதும் என்றேன். "எம்மக பேருக்குக் கீழ கட்டைவிரலை வைக்க மாட்டேன். எழுதச் சொல்லிக் குடுங்க" என்றாள். அதே பலகையின் முன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சிலேட்டுக் குச்சியை அவள் பிடித்த பிடியில் முதல் நாளே மூன்று குச்சிகள் உடைந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தோள் இரண்டும் காதில் முட்ட எழுதினாள்.

"பேச்சி, மூச்சு" என்றேன்.

"சும்மா இருங்க ஆத்தா. எழுத்து ஓடிரும்."

"ஓடினா பிடிச்சுக்கலாம்."

என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "மூட்டை தேவலை" என்றாள். பத்து நாளில் எழுதிவிட்டாள். விண்ணப்பத்தில் அவள் பெயர் இரண்டு வரியை அடைத்துக்கொண்டு சாய்ந்து ஏறுகிறது. பிழை இல்லை. முத்துலட்சுமி ஆனி மாதம் அங்கே போகிறாள். அதில் மாற்றம் எதுவும் இல்லை என்று அவளுடைய மாமனிடம் சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் அன்று நான் அவளைச் சோம்பேறி என்று முப்பது பேர் முன்னால் சொன்னேன். பிறகு நேரில் போய்க் கூப்பிட்டேன், வேலை கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தப்பு என்னுடையது என்பதை மட்டும் சொல்லவே இல்லை. ஐந்து ஆண்டுகளில் ஒரு வாக்கியம் பேச நேரம் இல்லாமல் போகவில்லை. பாஸ்குவுக்கு மறுநாள் ஒரு முறை, "பேச்சி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன். "எம்புட்டு நாளைக்கு அதைத் தூக்கிக்கிட்டுத் திரிவீக, கீழ வைங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் அதை நல்ல மனதோடு சொன்னாள். பேசாமல் இருப்பதற்கு அனுமதி என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது சரியல்ல. பலர் முன்னால் சொன்னதைப் பலர் முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். பேச்சியம்மாள் சோம்பேறி அல்ல. காய் பிளந்தது என் விதியால். இதை வாசித்துக் காட்டுகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் இரண்டு தடவை வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சிலமலைக்குப் போனேன். பெண்கள் ஒருவரையொருவர் தோளில் பற்றிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் மடத்தில் அப்படி அழப் பழக்கவில்லை, வாசலில் நின்றேன். முத்துலட்சுமி எழுந்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். பதின்மூன்று வயதுப் பெண், கனம்தான். அவள் போதும் என்று விலகும் வரை நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் சுவாமியார், இன்றைக்கு வாத்தியார் வாசிக்கட்டுமே என்றார். வேண்டாம் என்றேன். கீரியே மன்றாட்டின் இரண்டாம் அடியில் என் வலது கை முழங்கை வரை இறுகியது. இப்படி இறுகுவது அறுபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. இப்போது நடக்கும்போதே தெரிகிறது. பேச்சியம்மாளிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். தெரிந்துவிட்டால் விடுவதும் வைத்துக்கொள்வதும் என் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை அதை உடனே விடவில்லை. அந்த ஓர் அடி முழுவதும் அவளுக்காக இறுகியிருக்கட்டும் என்று இருந்தேன். அடி முடிந்ததும் முழங்கையை விட்டேன். பாடற்குழு மூன்றாம் அடியைச் சரியான இடத்தில் எடுத்தது.